நிலத்தின் கணக்குக்கு யார் பணம் தருவது?



நிலத்தை அளப்பது, எல்லையைக் குறிப்பது, அது யாருடையது என்று பதிவேட்டில் எழுதுவது, பிறகு விற்பனையோ பாகப்பிரிவினையோ இறப்போ நேரும்போது அந்தப் பெயரை மாற்றி எழுதுவது ஆகிய வேலைகளைத்தான் நில நிர்வாகம் என்று இன்று குறிப்பிடப்போகிறேன். இவற்றில் முதல் மூன்றும் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடப்பவை. அவற்றுக்கு உலக வங்கி கடன் கொடுக்கிறது, பணக்கார நாடுகள் நன்கொடை தருகின்றன, அமைச்சர்கள் வந்து தொடங்கிவைக்கிறார்கள். கடைசி வேலை அன்றாடம் நடக்க வேண்டியது. அதற்கு அளவருக்குச் சம்பளம் வேண்டும், அவர் ஊருக்குப் போய்வரப் பயணப்படி வேண்டும், பழுதான கருவிக்கு மாற்று வேண்டும், இவை அத்தனையும் ஆண்டுதோறும் வேண்டும். வளரும் நாடுகளில் நிதி நெருக்கடி வரும்போது கத்தி முதலில் விழுவது இந்தச் செலவின் மேல்தான். ஒரு கைம்பெண்ணின் பெயர் பதிவேட்டில் ஏறாமல் போவதற்குச் சட்டத்தின் குறை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்த வெட்டும் என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ருவாண்டாவிலிருந்து தொடங்குகிறேன். இந்தச் சிக்கலின் இரண்டு பக்கங்களும் ஒரே நாட்டில், அதுவும் சில ஆண்டுகளுக்குள், அங்கே தெரிந்துவிட்டன.

1994-இல் நடந்த இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவில் நிலம் பெரும் பிரச்சினையாக நின்றது. 1959 முதல் நாட்டை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். 1994-இல் ஓடியவர்களும் பிறகு திரும்பி வந்தார்கள். ஒரே மலைச்சரிவில் ஒரே துண்டு நிலத்தை இரண்டு குடும்பங்கள் தங்களுடையது என்றன. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஆப்பிரிக்கப் பெருநிலப்பரப்பிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் நாடு அது. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேர் நிலம்கூட இல்லை. 1999-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மகள்களுக்கும் சம பங்கு கொடுத்தது. 2004-இல் தேசிய நிலக் கொள்கையும் 2005-இல் நிலச் சட்டமும் வந்தன. நாட்டிலுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்தையும் பதிவு செய்வது என்று முடிவாயிற்று.

2007-இல் நான்கு சிறு பகுதிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2009-இல் நாடு முழுவதும் வேலை தொடங்கியது. 2013-க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டு நிலங்களுக்கு எல்லை குறித்து முடித்தார்கள். ஒரு துண்டுக்கு ஆன செலவு ஆறேழு டாலர். தேர்ந்த அளவர்கள் கருவி வைத்து அளந்திருந்தால் இதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும், ஆயுளுக்கும் முடிந்திருக்காது.

எப்படி முடிந்தது? விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிய தாள்களில் அச்சிட்டார்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள். உரிமையாளரும் பக்கத்து நிலக்காரர்களும் வரப்பில் வந்து நிற்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்ட கோட்டை அந்த இளைஞர் படத்தின் மேலேயே வரைவார். வேலியும் வாய்க்காலும் மரமும் படத்திலேயே தெரிவதால் சென்டிமீட்டர் துல்லியம் தேவைப்படவில்லை. தகராறு இருந்தால் அதைத் தனிப் பட்டியலில் எழுதிக்கொண்டு அடுத்த நிலத்துக்குப் போய்விடுவார்கள். பெயர்ப் பட்டியல் ஊரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆட்சேபம் சொல்ல அவகாசம் தரப்பட்டது. முறைப்படி மணமான தம்பதியரின் நிலம் இருவர் பெயரிலும் பதிவாயிற்று. செலவில் பெரும் பங்கைப் பிரிட்டனின் பன்னாட்டு வளர்ச்சித் துறை உள்ளிட்ட வெளிநாட்டு நன்கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏழை நாடொன்று இவ்வளவு குறைந்த பணத்தில், இவ்வளவு விரைவில், ஊராரையே சாட்சியாக வைத்து இப்படி ஒரு காரியத்தைச் செய்து முடித்ததை நான் மனம் நிறைந்து பாராட்டுகிறேன்.

பத்திரம் அச்சாகி வந்தபின் அதைப் பெற்றுக்கொள்ள ஒரு துண்டுக்கு 1,000 ருவாண்டா பிராங்க் கட்ட வேண்டியிருந்தது. அன்றைய மதிப்பில் இரண்டு டாலருக்கும் குறைவு. ஆனால் நான்கைந்து இடங்களில் துண்டு துண்டாக நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு அதுவே சுமையாகி, பல லட்சம் பத்திரங்கள் வாங்க ஆளில்லாமல் அலுவலகங்களில் கிடந்தன. இதுகூடச் சிறிய பிரச்சினைதான். பெயர் மாற்றத்துக்கு வைத்த கட்டணம்தான் உண்மையான அடி. நிலம் கைமாறினால் 27,000 பிராங்க் கட்ட வேண்டும் என்றார்கள். நிலத்தின் அளவு எதுவானாலும், விலை எதுவானாலும் அதே தொகை. தலைநகர் கிகாலியில் மாளிகை வாங்குபவருக்கும் மலைச்சரிவில் வாழை நட்ட கால் ஏக்கரை வாங்குபவருக்கும் ஒரே கட்டணம். அன்றைய விவசாயக் கூலிக்கு அது ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு. சிறு துண்டு ஒன்றின் விலையில் கணிசமான பகுதியைக் கட்டணமே தின்றுவிடும்.

மக்கள் என்ன செய்தார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கொடுத்து நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். கிகாலியில் பதிவுகள் நடந்தன. கிராமங்களில் நிலம் கைமாறியது, பதிவேட்டில் பெயர் மாறவில்லை. பல கோடி டாலர் செலவில் எழுதிய பதிவேடு, மை காயும் முன்பே உண்மையிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. ஒரு நாட்டில் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று துண்டு நிலங்கள் கைமாறுகின்றன, அவற்றில் பாதி பதிவாகவில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டில் பதிவேட்டின் முப்பது விழுக்காடு பொய்யாகிவிடும். எந்த முப்பது விழுக்காடு என்பதும் யாருக்கும் தெரியாது. அதனால் மீதி எழுபதையும் வங்கி நம்பாது, நீதிமன்றம் நம்பாது.

இந்தக் கட்டணத்தை வைத்த அதிகாரிகளைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். முப்பது மாவட்டங்களிலும் நில அலுவலகம் நடத்த வேண்டும், கணினி அமைப்பைப் பராமரிக்க வேண்டும். திட்டம் முடிந்ததும் நன்கொடையாளர்கள் போய்விடுவார்கள். அலுவலகம் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்ற அறிவுரை எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஒரு பெயர் மாற்றத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு அதையே கட்டணமாக வைத்தால் நிர்வாகக் கண்ணோட்டத்தில் அது நேர்மையான கணக்கு. விடுபட்டது ஒன்றுதான். பெயர் மாற்றம் பதிவாவதால் பயன் அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் போவதில்லை. பதிவேடு முழுவதும் நம்பத்தக்கதாக இருப்பதன் பயன் நாட்டுக்கே போகிறது. நாட்டின் பயனுக்கான செலவை மலைச்சரிவின் ஏழை தலையில் கட்டினால் அவர் அந்தப் பயனைத் தரமாட்டார். 2023 முதல் அங்கே மின்னணுப் பத்திரம் தரப்படுகிறது. அச்சுச் செலவு குறையும். மின்னணு முறை மட்டும் இந்த அடிப்படைக் கேள்விக்கு விடை ஆகாது.

எத்தியோப்பியாவிலும் இதே பாடம் வேறு வடிவில் கிடைத்தது. 2003-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அங்கே ஊர்க் குழுக்கள் கயிற்றைப் பிடித்து அளந்து, ஒரு துண்டுக்கு ஒரு டாலர் அளவிலான செலவில், சுமார் இரண்டு கோடித் துண்டுகளுக்குச் சான்றிதழ் கொடுத்தன. உலகில் இதைவிட மலிவாக நடந்த பதிவு அரிது. பதிவேடுகள் வட்டார அலுவலக அலமாரிகளில் வைக்கப்பட்டன. புதுப்பிக்க ஆளும் பணமும் போதவில்லை. 2014-இல் பிரிட்டனின் பணத்தில் இன்னொரு பெருந்திட்டம் தொடங்கி, வான்படங்களோடு ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளை மறுபடி பதிவு செய்தார்கள். வரைபடம் இல்லாத குறையை நீக்கவும் அது தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனாலும் ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை அடித்தளம் போடப் பணம் கிடைத்தது, இடைப்பட்ட காலத்தில் பராமரிக்கக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இலங்கையில் நேர் எதிர். 1998-ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் 2007-இல் தொடங்கிய பிம்சவிய திட்டம் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பி மெல்ல நகர்ந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாட்டின் பெரும் பகுதி நிலம் அதற்கு வெளியேதான் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் நில அளவை எதற்காக இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பதில் எளிது. அதற்குப் பணம் போட்டவருக்கு அதிலிருந்து பணம் வந்தது. 1792-இல் பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். 1858-இல் மாகாணத்துக்கென அளவைத் துறை ஒழுங்கமைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேய இந்தியாவின் வருவாயில் ஏறத்தாழ பாதி நிலவரிதான். அளக்காத நிலத்துக்கு வரி வராது. ஆகவே அளவைச் செலவு அந்த அரசுக்குச் செலவாகவே தெரியவில்லை. ஊரில் கணக்குப்பிள்ளை அன்றாடம் எழுதினார். ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தியில் அந்தக் கணக்கு சரிபார்க்கப்பட்டது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. தீர்வை குடியானவரை நசுக்கியது, பரம்பரைக் கணக்குப்பிள்ளையின் பேனா ஊரின் சாதி அதிகாரத்தோடு சேர்ந்தே ஓடியது. நான் சுட்டுவது ஒன்றைத்தான். பதிவேட்டை அன்றாடம் திருத்துவதில் நிதித் துறைக்கு நேரடி ஆதாயம் இருந்தது, ஆகவே பணம் வந்தது.

விடுதலைக்குப் பின் நிலவரி மெல்லத் தேய்ந்து, அரசின் வருவாயில் பெயரளவுக்கு ஆயிற்று. உழவர் மேலிருந்த சுமை இறங்கியது நல்லதுதான். ஆனால் பதிவேட்டைத் தாங்கிய வருவாய் போனபின் அந்த இடத்தில் வேறு எந்த வருவாயையும் யாரும் வைக்கவில்லை.

அதன் விளைவை யு.டி.ஆர். என்று நாம் எல்லோரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பார்க்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த அந்தத் திட்டம், நீண்ட காலம் திருத்தப்படாமல் கிடந்த பட்டாக்களை ஒரே வீச்சில் அனுபோகத்துக்கு ஏற்பத் திருத்த முனைந்தது. நோக்கம் சரியானது. வேலையின் நடுவிலேயே, 1980 நவம்பரில், வழக்கத்தில் பரம்பரையாகத் தொடர்ந்துவந்த பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. சமூக நீதியின்படி அதுவும் சரியான முடிவு; உச்ச நீதிமன்றமும் 1982-இல் அதை ஏற்றது. ஆனால் எந்தப் புலம் யார் கையில் இருக்கிறது என்று மனப்பாடமாக அறிந்தவர்கள், அதைத் திருத்தி எழுத வேண்டிய காலத்தில் வெளியே போனார்கள். புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் ஊரை அறியும் முன்பே பதிவேடு அச்சுக்குப் போயிற்று. புல எண் மாறியது, தம்பியின் பங்கு அண்ணன் பெயரில் ஏறியது, வெளியூரில் பிழைக்கப் போனவர் நிலம் அடுத்தவர் பட்டாவில் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் "யு.டி.ஆர். தவறு" என்ற தலைப்பிட்ட மனுக்கள் வருவாய்த் துறை அலுவலகங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அந்த மனுக்காரர்கள் பேருந்துக்கும் வழக்கறிஞருக்கும் செலவழித்த பணம், அவர்கள் இழந்த கூலி நாள்கள், தடைபட்ட விற்பனைகள், தடைபட்ட திருமணங்கள் எந்த நிதிநிலை அறிக்கையிலும் வருவதில்லை. அரசு சேமித்ததாக நினைத்த தொகையைப் போலப் பல மடங்கைக் குடும்பங்கள் தவணை முறையில் கட்டிவருகின்றன.

அப்படியானால் நிலத்திலிருந்து அரசுக்கு இப்போது பணம் வரவில்லையா? தாராளமாக வருகிறது. வரும் வழி மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் 2023 வரை ஒரு கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 4 விழுக்காடும் கட்ட வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். 2022-23-இல் பதிவுத் துறையின் வருவாய் 17,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்கிறது. உழைப்பு வட்டாட்சியர் அலுவலகத்திலும் வரப்பிலும் நடக்கிறது. அந்த 7 விழுக்காட்டில் 2 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வை என்று பிரித்து வைக்க நம்மால் முடிந்திருக்கிறது. நிலத்தை அளந்து, உட்பிரிவு செய்து, புலப்படத்தைத் திருத்தும் துறைக்கு அப்படி ஒரு பங்கு பிரித்து வைக்கப்படவில்லை.

உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் இப்போது பத்திரம் பதிவானதும் கணினி வழியே தானாக நடக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய முன்னேற்றம். முழுப் புலத்தை அப்படியே வாங்கி விற்பவருக்கு அது பெரிய வசதி. சிறு விவசாயியின் விவகாரமோ பெரும்பாலும் உட்பிரிவுதான். அரை ஏக்கரில் மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு, மகள் திருமணச் செலவுக்காகப் பத்து சென்ட் விற்பனை என்று அது வரும். அதற்கு அளவர் நேரில் வர வேண்டும். எந்தக் கணினியும் சங்கிலி பிடிக்காது. அளவர் பணியிடம் காலியாக இருந்தால், இருப்பவர் இரண்டு குறுவட்டத்தைப் பார்த்தால், மனு காத்திருக்கும். காத்திருப்பவர் விரைவுக்காகக் கையூட்டு கொடுக்கிறார். அரசு ஒதுக்காத பணத்தை மக்கள் வேறு வழியில், ரசீது இல்லாமல், தந்துகொண்டிருக்கிறார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன். மத்திய அரசின் எண்ம நில ஆவணத் திட்டம் 2016 முதல் முழு மத்திய நிதியில் நடக்கிறது. அதில் கணினிமயமாக்கவும் மறு அளவைக்கும் பணம் உண்டு. அந்தப் பதிவை நாளை மறுநாள் திருத்தப்போகும் ஊழியரின் சம்பளம் மாநிலத்தின் தலையில்தான்.

நிதித் துறையில் இருப்பவர்கள் இதற்கு ஒரு நியாயமான மறுப்புச் சொல்வார்கள். ஒவ்வொரு துறையும் தான் ஈட்டியதைத் தானே வைத்துக்கொண்டால் எதையும் ஈட்டாத பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். நான் அந்த மறுப்பை மதிக்கிறேன். துறையே வசூலித்துத் துறையே வைத்துக்கொள்ளும் முறையின் குறையை ஜார்ஜியாவில் பார்க்கலாம். 2004-இல் அங்கே உருவான பொதுப் பதிவு முகமை தன் கட்டணத்தில் தானே வாழ அனுமதிக்கப்பட்டது. ஊழலுக்குப் பேர்போன அலுவலகம் சில ஆண்டுகளில் உலகமே வந்து பார்க்கும் அலுவலகமாயிற்று. நகரத்தில் ஒரு வீட்டைப் பதிவு செய்வது சில நாள் வேலையாயிற்று. ஆனால் விவசாய நிலத்தின் பெரும் பகுதி பதிவுக்கு வரவேயில்லை. கட்டணம் தரும் நடவடிக்கை இருக்கும் இடத்தில்தான் முகமைக்கு வருமானம். கிராமத்தில் அது குறைவு. கடைசியில் 2016-இல் அரசு விவசாய நிலங்களின் பதிவை இலவசமாக்கி, செலவைக் கருவூலத்திலிருந்து கொடுத்தது. கர்நாடகத்தின் பூமி திட்டத்திலும் இப்படி ஒரு வரம்பு உண்டு. 2000-த்தை ஒட்டி இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, நகல் ஒன்றுக்கு 15 ரூபாய் வாங்கினார்கள். அந்த வருமானத்தில் மையங்கள் நடந்தன. நகல் கொடுக்கும் செலவை நகல் வாங்குபவர் தந்தார். நகலில் உள்ளது உண்மையாக இருப்பதற்கான செலவு வேறு.

என் யோசனை இதுதான். முத்திரைத் தீர்வையாக வருவதில் ஒரு சிறு பங்கை, உள்ளாட்சிக்குப் பிரிப்பதைப் போலவே சட்டத்தில் எழுதி, பதிவேட்டின் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். அது அளவைத் துறையின் சொத்தாக இருக்கக் கூடாது. இதற்குக் கீழே ஒதுக்கீடு போகாது என்ற அடிமட்டமாக இருந்தால் போதும். ஓர் அளவர் ஒரு மாதத்தில் எத்தனை உட்பிரிவை நேர்மையாகச் செய்ய முடியும், அதற்கு எத்தனை பயணம், ஆண்டுக்கு எத்தனை மனு வருகிறது என்ற எண்ணிக்கையிலிருந்து அந்தத் தொகையைக் கணக்கிட வேண்டும். சென்ற ஆண்டு ஒதுக்கீட்டில் ஐந்து விழுக்காடு கூட்டிப் போடும் வழக்கத்தால் இது முடியாது. அந்தப் பணத்திலிருந்து முதலில் செய்ய வேண்டியது, இறந்தவர் பெயரை நீக்கி வாரிசுகள் பெயரை ஏற்றுவதற்கு எந்தக் கட்டணமும் வாங்காமலிருப்பது, உட்பிரிவுக் கட்டணம் உட்பட. சென்னையில் கோடிக்கணக்கில் நடக்கும் கிரயங்கள் இராமநாதபுரத்து மானாவாரிக் காட்டின் பெயர் மாற்றச் செலவைத் தாங்கட்டும். கிகாலி அந்த மலைச்சரிவைத் தாங்கட்டும். விலையில் விழுக்காடாக வாங்கும் தீர்வைக்கு இந்த வசதி உண்டு, தட்டையான கட்டணத்துக்கு இல்லை. ஆனால் அந்த விழுக்காடும் அளவு மீறினால் மக்கள் விலையை மறைப்பார்கள், அதிகாரப் பத்திரம் எழுதி நிலத்தைக் கைமாற்றுவார்கள். அப்படிப்பட்ட அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்ததன் பின்னணியே இந்தப் பழக்கம்தான்.

கடன் தரும் வங்கிகளிடமும் நன்கொடை தரும் நாடுகளிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. புதிதாக நிலப் பதிவுத் திட்டத்துக்குப் பணம் போடும்போது, அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அதை யார் தருவார், ஏழைக்குக் கட்டணம் என்ன என்று அந்நாட்டு நிதி அமைச்சகம் கையெழுத்திட்ட கணக்கைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் கேட்க வேண்டும். முடிந்த துண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியாகக் காட்டுவதை நிறுத்த வேண்டும். ஐந்தாம் ஆண்டில் நடந்த கைமாற்றங்களில் எத்தனை பதிவாயின என்பதையும் அதே அறிக்கையில் காட்ட வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். அடுத்த நிதிநிலை அறிக்கை வெளியானதும் வருவாய்த் துறை மானியக் கோரிக்கையைத் திறந்து, நில அளவைக்கான பகுதியில் சம்பளம், பயணப்படி, கருவிகள் என்று தனித்தனியே எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பதிவுத் துறையின் வருவாயை எழுதுங்கள். உங்கள் வட்டத்தில் நிலுவையிலுள்ள உட்பிரிவு மனுக்களின் எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று எண்களையும் ஒரே தாளில் அச்சிட்டு, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம், மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கும் முன்பு, கொடுங்கள்.